இரண்டாவது அனிமோன்

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்ப்பவர்களுக்காக, அந்தத் தொட்டிகளைப் பராமரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவரை நண்பர் எனக்கு அறிமுகப்படுத்தினார். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில் காலையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன்.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரக் கிராமம் அவருக்கு. அப்பா சங்கு குளித்தவர். இவரும் மீசை முளைக்கும் முன்பே கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருக்கிறார். சங்கு கிடைக்காத நாட்களில், வியாபாரி ஒருவர் கேட்டார் என்று வண்ணமீனும் அனிமோன் எனப்படும் கடல் சாமந்தியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். “காது போயிருச்சு சார். வலது பக்கம் இன்னிக்கும் இரைச்சல்தான்” என்றார். அதன் பிறகுதான் சென்னை. கடலடியில் அனிமோன் எங்கே உட்காரும், எதைப் பிடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் மீன் வளர்ப்பவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள்.

முதலில் போனது அண்ணாநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. நான்கு அடித் தொட்டி. அதற்குள் மூன்று வகை அனிமோன்கள்: மணலில் பதிந்த கார்பெட், பாறையோரம் ஒரு செபே, கண்ணாடியில் ஏறி நிற்கும் பபுள் டிப். மூன்றும் சுருங்கிக் கிடந்தன. என்னைக் கூட்டிப்போன அண்ணன் தொட்டிக்குக் கிட்டே குனிந்து முகர்ந்தார்.

“இதுக்குக் கண்ணு கிடையாது, மூளை கிடையாது. ஆனா பக்கத்துல யாரு இருக்காங்கறது இதுக்குத் தெரியும் சார்.”

உண்மைதான். மூளை இல்லாத இந்த உயிருக்கு உடல் முழுக்க நரம்பு வலை இருக்கிறது. கரங்களில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. வேறு வகை அனிமோன் எட்டும் தூரத்தில் வந்தால் கொட்டும். தொடாமலேயே நீரில் நஞ்சைக் கசியவிடுவதும் உண்டு. கடலில் அந்த நஞ்சை அலை அடித்துக்கொண்டு போய்விடும். நான்கு அடித் தொட்டியில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. தேவைகளும் வேறு வேறு. கார்பெட்டுக்குப் பாதத்தைப் புதைக்க ஆழமான மணல் வேண்டும். பபுள் டிப்புக்குப் பாறை இடுக்கு வேண்டும். பிடித்த இடம் கிடைக்காவிட்டால் அனிமோன் நடக்கத் தொடங்கிவிடும். இரவில் நடந்து போய், தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ் மேக்கருக்குள் சிக்கிக் கூழாவது இப்படித்தான். ஒன்று செத்தால் அது அழுகும் தண்ணீரில் மீன்களும் சாகும்.

உப்பளவு, காரத்தன்மை என்று சின்னக் குப்பிகளில் அவர் செய்த சோதனைகளை விட்டுவிடுகிறேன். என்னைக் கட்டிப்போட்டது அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த கருவி. காலாவதியான ஏடிஎம் கார்டு. முனைகளை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். பபுள் டிப்பைக் கண்ணாடியிலிருந்து எடுக்க அதுதான் ஆயுதம். பாதத்தின் ஓரத்தில் கார்டை நூலிழை அளவு நுழைப்பார். நிறுத்துவார். அது இறுகும், பின் தளரும். தளர்ந்தபோது இன்னொரு நூலிழை. “உரிக்கக் கூடாது சார். பாதம் கிழிஞ்சா சீழ் வெச்சுச் செத்துரும். அதுவா விடணும்.” முழங்கைவரை உப்புநீரில் இருந்த அந்தக் கையில் அவசரமே இல்லை. கடைசியில் அது தானாகவே அவர் உள்ளங்கையில் இறங்கியது. அதைத் தனி வாளிக்கு மாற்றினார். தொட்டிக்குள் கரித்தூள் பை ஒன்றை வைத்து, பாதித் தண்ணீரை மாற்றினார். வேவ் மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறை போட்டார்.

அந்த செபே நல்ல மஞ்சள் நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பெருமையாகக் காட்டினார். அது சாயம். அனிமோனின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் ஒளியிலிருந்து அதற்கு உணவு சமைக்கின்றன. பிடித்து, அடைத்து, இருட்டில் நாள்கணக்கில் அனுப்பும்போது பாசி வெளியேறி அனிமோன் வெளுத்துவிடுகிறது. வெளுத்ததற்குச் சாயம் ஏற்றிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஸ்காட்லாந்தில் ஜான் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828இல் கடற்கரையிலிருந்து எடுத்து வளர்த்த அனிமோன் ஒன்று அவர் இறந்த பிறகும் கைமாறி 1887வரை வாழ்ந்தது. அப்படிப்பட்ட உயிரைச் சில வாரங்களில் சாகும் நிலைக்குக் கொண்டுவந்து விற்கிறது இந்தச் சந்தை. காதைக் கொடுத்து மூழ்கியவனுக்குக் கிடைப்பது அன்றைய சோறு. இடையில் நிற்பவன் மூச்சடக்கவில்லை, நனையவில்லை, லாபம் அவனுக்கு. செத்தால் இன்னொன்று விற்கலாம் என்பதால், ஒரே தொட்டியில் மூன்று வகை போடாதே என்று வாங்குபவரிடம் அவன் சொல்வதும் இல்லை.

பெரம்பூரில் பார்த்த தொட்டி வேறு மாதிரி. இரண்டு அனிமோன் வளர்க்க விரும்பும் எவரும் பார்க்க வேண்டிய தொட்டி. அந்த வீட்டம்மா வாங்கியது ஒரே ஒரு பபுள் டிப். தொட்டி வைத்து ஓராண்டு பழகிய பிறகே அதை விட்டிருக்கிறார். அது தானாகவே நடுவில் கிழிந்து இரண்டானது. பின்னர் அவையும் பிரிந்தன. ஒரே உடலிலிருந்து பிரிந்தவை என்பதால் கரங்கள் உரசிக்கொண்டாலும் சண்டை இல்லை. நடுவில் தொட்டியில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஜோடி. கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையமும் உருவாக்கியிருக்கின்றன. அதற்காகக் கடலில் கைவைக்கத் தேவையில்லை.

“இப்படி வளர்க்கிறவங்க கிட்ட ஒரு குட்டி கேட்டு வாங்கிக்கலாமே சார். கடைக்கு எதுக்குப் போகணும்?” என்றார் அண்ணன்.

அனிமோன் வாங்க நினைப்பவர்களே, முதலில் தொட்டி ஓராண்டு ஓடட்டும். வாங்கும்போது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிரிந்ததா என்று கேளுங்கள். பளீரென்ற மஞ்சளையும் வெள்ளையையும் தொடாதீர்கள். இரண்டாவது வேண்டுமென்றால், முதலாவது பிரியும்வரை காத்திருங்கள்.