மறவாமை என்னும் பயிற்சி

பல்கலைக்கழக வாழ்விலே மாணவன் ஒருவன் தொலைக்கக்கூடிய பொருள்கள் பல. குடை தொலையும், பேனா தொலையும், நூலகத்திலிருந்து இரவல் பெற்ற நூலும் சில வேளைகளிலே தொலைந்துபோகும். இவற்றைத் தேடுவதற்கு இடங்கள் உள. இழந்ததை எண்ணி உடன் வருந்துவதற்கு நண்பர்களும் உளர். ஆனால், தன் கவனத்தைத் தொலைத்தவன் அதனைத் தொலைத்துவிட்டான் என்பதையே அறியான். அறியாதவன் தேடுவது எங்ஙனம்?

பேராதனை வளாகத்திலே மூன்றாம் ஆண்டிற் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இவ்விழப்புத் தெரியவந்த விதம் மிகச் சாதாரணமானது. ஞாயிறு மாலைதோறும் யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய தாயார் தொலைபேசியில் அழைப்பார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவனுடைய கண்கள் மேசைமீதிருக்கும் விரிவுரைக் குறிப்புகளின் மேலோ கணினித் திரையின் மேலோ ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே "ஓம் அம்மா" என்பான். "சாப்பிட்டனியே?" என்ற வினாவுக்கும் அதுவே விடை, "அங்கை மழையே?" என்ற வினாவுக்கும் அதுவே விடை. பத்து நிமிடங்களில் உரையாடல் முடிவுறும். தாயுடன் பேசினேன் என்ற மனநிறைவோடு அவன் மீண்டும் குறிப்புகளுக்குத் திரும்புவான்.

ஒரு ஞாயிறு மாலை தாயாருக்குப் பதிலாகத் தங்கை அழைத்தாள். "அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் முடிஞ்சு மூண்டு நாள். நீங்கள் ஒருக்கா எடுத்துக் கேக்கேல்லையே, அண்ணா? போன ஞாயிறு அம்மா உங்களுக்குச் சொன்னவ தானே?" என்றாள். அவன் திகைத்தான். "அவனுக்குச் சோதினை நேரம். மறந்துபோயிருப்பான்" என்று தாயார் அருகிலிருந்து அவனுக்காகப் பரிந்து கூறியதும் அவன் காதில் விழுந்தது.

உண்மையில் அவன் மறக்கவில்லை. மறப்பதற்கும் ஒரு செய்தி முதலில் மனத்திலே பதிந்திருத்தல் வேண்டுமன்றோ? தாயார் சொன்னபோதும் அவன் "ஓம் அம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறான். அவனுடைய வாய் அங்கே இருந்தது. அவன் அங்கே இருக்கவில்லை.

இது அவனுக்கு மட்டுமே உரிய குறையன்று. மனித உள்ளம் அலையும் இயல்பினது என்பதை நம் முன்னோர் குரங்கை உவமை காட்டிக் கூறினர். உளவியலார் அதனையே அளந்து கூறுகின்றனர். அமெரிக்க நாட்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வேர்த், கில்பேர்ட் ஆகிய இருவர் 2010ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. அவர்கள் 2250 பேரிடம், பகற்பொழுதின் வெவ்வேறு வேளைகளிலே, கைத்தொலைபேசி வாயிலாக, "இப்பொழுது என்ன செய்கிறீர்? உமது எண்ணம் எங்கே இருக்கிறது?" என்ற வகையில் வினவினர். கிடைத்த விடைகளில் ஏறத்தாழ 47 வீதமானவை, செய்யும் தொழிலில் எண்ணம் இல்லை என்பதையே காட்டின. அவ்வாறு எண்ணம் அலைந்த வேளைகளிலே மகிழ்ச்சி குறைந்திருந்தமையும் புலனாயிற்று. விழித்திருக்கும் வாழ்நாளிற் பாதியளவை மனிதர் வேறெங்கோ கழிக்கின்றனர் என்பதே இதன் பொருள். அலையும் கவனத்தை மீண்டும் மீண்டும் மீட்டுக் கொணரும் ஆற்றலை வளர்ப்பதே கல்வியுள் தலையாயது என்ற கருத்தினை வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டிலேயே தம் உளவியல் நூலில் உரைத்துவிட்டார். அதனை எவ்வாறு வளர்ப்பது என்பதற்குச் செயல்முறை கூறுதல் எளிதன்று என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

செயல்முறை கீழைநாடுகளில் நெடுங்காலமாக வழங்கிவந்தது. அம்மாணவனுக்கு அதனை அறிமுகஞ் செய்தவன் அவனோடு ஒரே அறையில் வாழ்ந்த சிங்கள நண்பன். நடந்ததைக் கேட்ட அவன் அறிவுரை எதுவுங் கூறவில்லை. "சிஹியென் இருக்கவேண்டும் என்று எங்கள் வீட்டிலே பாட்டி சொல்லுவார்" என்று மட்டும் சொன்னான். சிஹிய என்னும் சிங்களச் சொல் நினைவையும் குறிக்கும், தன்னுணர்வையும் குறிக்கும். பாளி மொழியிலே சதி எனவும் வடமொழியிலே ஸ்மிருதி எனவும் வழங்குஞ் சொற்களின் உறவுச் சொல் அது. தமிழிலே சதி என்பது வஞ்சனைக்கும் தாளத்துக்கும் பெயராகிவிட்டமையால் அச்சொல்லை நாம் அப்படியே எடுத்தாளல் இயலாது. ஆயினும் அதன் அடிப்பொருள் நமக்கு உதவுகின்றது. நினைவு என்பதே அப்பொருள். கடந்துபோனவற்றை நினைத்தலன்று, இப்பொழுது செய்துகொண்டிருப்பதை மறவாதிருத்தல்.

பௌத்தத் திருமுறையில் இடம்பெறும் சதிபட்டான சூத்திரம் இப்பயிற்சியை உடல், நுகர்ச்சி, உள்ளம், உள்ளத்தில் தோன்றும் பொருள்கள் என நால்வகைப்படுத்திக் கூறும். அதனைப் படிப்போர்க்கு வியப்பூட்டுவது அதன் எளிமையே. மூச்சை உள்ளிழுக்கையில் உள்ளிழுப்பதை அறிதல். நடக்கையில் நடப்பதை அறிதல். கையை நீட்டுகையிலும் மடக்குகையிலும், உண்கையிலும் பருகுகையிலும், மலசலங் கழிக்கையிலுங்கூட அதனை அறிந்து செய்தல். தொழில்களில் உயர்வு தாழ்வு அங்கே இல்லை. பேராதனையிலிருந்து சில கல் தொலைவிலே, கண்டி உடவத்தகெலே வனத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்த ஞானபோனிக்க தேரர் என்னும் ஜேர்மானியத் துறவி, இச்சூத்திரத்தின் பொருளை ஆங்கிலத்திலே விளக்கி எழுதிய நூல் 1954ஆம் ஆண்டு கொழும்பில் வெளியாயிற்று. விருப்பு வெறுப்புகளைக் கூட்டாது உள்ளதை உள்ளபடி நோக்கும் நோக்கினை அவர் முதற்படியாகக் கொண்டார். மேலைநாட்டார் பலர் இத்துறையை அறிதற்கு அந்நூல் வாயிலாக அமைந்தது. 1979இல் ஜோன் கபாட்-சின் என்பார் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே, நாட்பட்ட நோவால் வருந்துவோர்க்குச் சமயச் சார்பற்ற பயிற்சியொன்றைத் தொடங்கினார். அது பின்னர் எட்டு வாரப் பயிற்சியாக நிலைபெற்று உலகெங்கும் பரவியது.

இவையெல்லாம் தமிழர்க்கு அந்நியமானவையோ என்னும் வினா எழலாம். திருக்குறளின் ஐம்பத்து நான்காம் அதிகாரம் பொச்சாவாமை எனப் பெயர் பெறும். மறவாமை என்பதே அதன் பொருள். மகிழ்ச்சியில் திளைத்துக் கடமையை மறத்தலின் கேட்டினை அரசனுக்கு எடுத்துரைப்பது அவ்வதிகாரம். பௌத்தத் துறவி தன் மூச்சை மறவாதிருப்பதும் வள்ளுவரின் அரசன் தன் வினையை மறவாதிருப்பதும் ஒன்றெனக் கூறுதல் மிகையாகும்; எனினும் இரண்டும் ஒரே நோய்க்குக் கண்ட மருந்துகள் எனலாம். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் பேசும் பிராணாயாமமோ இதனின் வேறுபட்டது. அங்கே மூச்சு அளந்து அடக்கப்படும். இங்கே மூச்சு தன் போக்கிலே விடப்படும். அது வருவதும் போவதும் அறியப்படும், அவ்வளவே.

அம்மாணவன் நூல்களை அதிகம் படிக்கவில்லை. நாளுக்கொரு செயலை மாத்திரம் முழுமையாகச் செய்வதென முடிவு செய்தான். காலையில் பருகும் பிளேன்ரீயையே அச்செயலாகத் தேர்ந்தான். கோப்பையின் சூடு உள்ளங்கையிற் படுவதையும், ஆவி முகத்திற் படர்வதையும், முதல் மிடறு நாவிலே துவர்த்துப் பின் இனிப்பதையும் அறிந்து பருகுவது. அவ்வேளையில் தொலைபேசியையும் குறிப்புகளையும் தொடாதிருப்பது. இதைவிட எளிய விரதம் வேறில்லை என அவன் எண்ணினான்.

முதல் நாள், இரண்டாம் மிடற்றுக்கு முன்னரே அவன் பரீட்சை மண்டபத்தில் இருந்தான். மூன்றாம் மிடற்றிலே நண்பனொருவனோடு முன்தினம் நிகழ்ந்த வாக்குவாதத்துக்குப் புதிய விடைகளைத் தேடிக்கொண்டிருந்தான். கோப்பை வெறுமையான பின்னரே தேநீரின் நினைவு வந்தது. இரண்டாம் நாளும் அவ்வாறே கழிந்தது. மூன்றாம் நாள் சலிப்பு. நான்காம் நாள் தூக்கம். அதன்பின் ஒரு கிழமை, பயிற்சி என ஒன்று உண்டென்பதே நினைவில் இல்லை. தனக்கு இது வாய்க்காது என அவன் நண்பனிடம் முறையிட்டான். "எத்தனை முறை மனம் ஓடிற்று?" என நண்பன் கேட்டான். "கணக்கில்லை" என்றான் இவன். "ஓடிற்று என்று எத்தனை முறை கண்டாய்?" என அவன் மீண்டும் கேட்டான்.

இந்த இரண்டாம் வினாவிலேதான் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கின்றது. மனம் ஓடாதிருத்தல் இதன் நோக்கம் எனத் தொடங்குவோர் பலர் கருதுவர். கருதிச் சில நாட்களிற் கைவிடுவர். ஓடிய மனத்தை ஓடியதெனக் காணுங் கணமே விழிப்பின் கணம். அக்கணத்திலே தன்னை வைதுகொள்ளாது மீண்டும் கோப்பைக்கோ மூச்சுக்கோ திரும்புதலே செய்யவேண்டிய வேலை. நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம். உடற்பயிற்சி செய்வோன் பாரத்தை ஒருமுறை தூக்கி நிறுத்திவிட்டு நிற்பதில்லை. தூக்கியும் இறக்கியுமே கை வலிமை பெறுகின்றது.

இதனை உணர்ந்த பின் அவனுக்கு வேலை இலகுவாயிற்று. தேநீரோடு வேறு சிலவும் சேர்ந்தன. குறிப்பேட்டைத் திறக்குமுன் மூன்று மூச்சுகளை அறிதல். விரிவுரை மண்டபத்துக்கு ஏறும் படிகளிலே பாதங்களை அறிதல். இரவிலே ஐந்து நிமிடம் நிமிர்ந்திருந்து மூச்சுகளை ஒன்று முதல் பத்துவரை எண்ணி, எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குதல். பல நாட்களில் அவன் நான்கைத் தாண்டவில்லை. இதனால் அவனுக்குப் பேரமைதி எதுவுங் கிட்டியதாகக் கூறமுடியாது. தான் எவ்வளவு அஞ்சுகிறான் என்பதும், எவ்வளவு எளிதிற் பிறர்மீது சினங்கொள்கிறான் என்பதுமே முதலில் தெரியவந்தன. அறை விளக்கைப் பிரகாசமாக்கினால் தூசுதானே முதலில் தெரியும்?

இப்பயிற்சி பற்றி இரண்டு எச்சரிக்கைகள் கூறப்படல் வேண்டும். முதலாவது, இது எல்லார்க்கும் எவ்வேளையிலும் ஏற்ற மருந்தன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2009இல் முடிவுற்ற போரிலும் தாங்கொணா இழப்புகளைக் கண்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். போர் விளைத்த மனவடுக்களைப் பற்றி மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்திலே நூலெழுதினார். அத்தகைய வடுவுடையோர் கண்ணை மூடி அமைதியாக இருக்கையில், அடக்கி வைத்த காட்சிகள் மேலெழுதல் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தவாறே பாதம் நிலத்திற் படுவதையோ, சுற்றியுள்ள ஓசைகளையோ கவனித்தல் நன்று. துன்பம் மிகுமாயின் பயிற்சியை நிறுத்தித் துறைசார்ந்தோரின் உதவியை நாடுதலே அறிவுடைமை. இரண்டாவது, அநீதியைப் பொறுத்துக்கொள்ளுதற்கு இதனை ஒரு மயக்கமருந்தாக்கலாகாது. விடுதியில் நீர் வராதபோது செய்யத்தக்கது மூச்சை எண்ணுதலன்று, முறைப்பாடு எழுதுதலே. ஆனால், மூன்று மூச்சுகளுக்குப் பின் எழுதப்படும் முறைப்பாடு தெளிவாக அமைதல் கூடும்.

இனி, இப்பயிற்சியின் பயனை அளப்பது எங்ஙனம்? மூச்சினை எத்தனைவரை எண்ணினான் என்பது அளவுகோலாகாது. தனித்திருக்கையிற் பயின்றது பிறரோடிருக்கையில் எவ்வளவு உதவிற்று என்பதே அளவுகோல். ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுக்கத்தக்கவற்றுள் பணஞ் செலவாகாததும் அரிதானதும் கவனமே. மாணவன் தன் ஆசிரியர்க்கும், ஆசிரியர் தம் மாணவனுக்கும், பிள்ளைகள் பெற்றோர்க்கும் கொடுக்கத் தவறுவதும் அதுவே. தவறியதை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. அவன் தாயாரைப் போலப் பரிந்து பேசி விட்டுவிடுகின்றனர்.

பரீட்சை முடிந்த கிழமையில், ஞாயிறு மாலை, தாயாரின் அழைப்பு வந்தது. அவன் கணினியை மூடிவிட்டு யன்னலருகே சென்று நின்றான். கண்ணுக்கு இன்னமும் மருந்து விடுவதாகவும், எழுத்துகள் இப்பொழுது நன்றாகத் தெரிவதாகவும், முற்றத்து முருங்கை காற்றிலே முறிந்துவிட்டதாகவும் தாயார் சொன்னார். இடையில் இரண்டு முறை அவன் மனம் வேறெங்கோ சென்றது. இரண்டு முறையும் திரும்பிற்று. ஒப்பரேஷனுக்கு முதல்நாள் இரவு நித்திரை வந்ததோ என்று கேட்டான். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இல்லைத் தம்பி, பயமாய்த்தான் கிடந்தது" என்று தொடங்கி, எவரிடமும் கூறாதிருந்த பலவற்றைக் கூறினார்.

வழக்கம்போல முடிவிலே, "வேறென்ன, தம்பி?" என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொல்லும் சொல் அது என்றே அவன் அதுவரையில் எண்ணியிருந்தான். அது ஒரு வினா என்பதும், ஒவ்வொரு ஞாயிறும் அதற்கொரு விடையைத் தாயார் எதிர்பார்த்திருந்தார் என்பதும் அன்றுதான் அவனுக்குக் கேட்டன. அவன் தன் கிழமையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.