இரண்டு நூல் வித்தியாசம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றின் பக்கவாட்டில், தகரக் கூரை போட்ட கார் ஷெட் ஒன்று உண்டு. அதில் கார் இல்லை. வீட்டுக்காரர் தம் அம்பாசடரை விற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அந்த ஷெட் என் தந்தையாரின் தச்சுப் பட்டறை ஆயிற்று. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழும் மரச்சீவல்தான் எனக்கு விளையாட்டுப் பொருள்.

சென்ற ஆண்டு அந்த ஷெட்டில் நான் ஓர் இயந்திரம் செய்தேன். அதைப்பற்றி நம் ஆண்டு மலருக்கு எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தார். இயந்திரத்தைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதிக் கதையாகிவிடும். எனவே மீதிப் பாதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன இயந்திரம் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு சி.என்.சி. ரூட்டர் என்று பெயர். ஒரு மேசை, அதன்மேல் முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் நகரும் ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் வேகமாகச் சுழலும் ஒரு வெட்டும் முனை. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி எண்களாகச் சொல்லும். முனை அவ்வாறே நகர்ந்து பலகையில் வடிவத்தை வெட்டும்.

இதன் பிறப்பு வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்தார். அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவர் அல்லர். தந்தையின் தொழிற்சாலையில் வேலை கற்றவர். இறக்கையின் வளைவைப் பல புள்ளிகளாகக் கணக்கிட்டு, ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைத் திருகி முனையை அந்தந்தப் புள்ளிக்குக் கொண்டுபோவார்களாம். அந்த இருவரின் வேலையை மோட்டார்களிடம் கொடுத்தால் என்ன என்ற எண்ணமே வித்தாயிற்று. 1952-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரும் பெட்டிகள் அதற்கு மூளையாக இருந்தன. இன்றோ, 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்த அர்டுயினோ என்னும் உள்ளங்கை அளவுச் சுற்றுப்பலகை அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு வேண்டிய ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரலை 2009-ல் நார்வே நாட்டவர் ஒருவர் எழுதி, உலகத்தார் அனைவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி விட்டுவிட்டார். என்போன்ற மாணவன் இதைத் தொட முடிந்தது அதனால்தான்.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன்.

என் தந்தையார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கல்லூரியில் சேரும்போது முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் இருமுறை வாங்கிப் பார்த்தார். நிலையும் கதவும் செய்வதில், குறிப்பாகக் கதவில் பூவேலை செதுக்குவதில், எங்கள் பகுதியில் அவருக்குப் பெயர் இருந்தது. ஒரு வாசற்கதவுக்குப் பதினைந்து நாள் உட்காருவார். பிறகு அந்த வேலை குறையத் தொடங்கியது. பெரிய சி.என்.சி. இயந்திரம் வைத்திருக்கும் கடைகளில் அதே பூவை ஒரே நாளில் வெட்டிக் கொடுக்கிறார்கள், விலையும் குறைவு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்பா இப்போது பிளைவுட் அலமாரிகளுக்குக் கீல் மாட்டப் போகிறார். செதுக்கு உளிகள் பன்னிரண்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தன.

அந்த இயந்திரம் நம்மிடமே இருந்தால் என்ன? இந்த எண்ணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்குக்கு வந்தது. அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தேன். அடகுக் கடையில் இருக்கும் தன் தோட்டை மீட்கவே நான் சேர்ப்பதாக அம்மா நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். 2025 மே விடுமுறையில் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ரிச்சி தெருவில் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், அர்டுயினோ, மோட்டார்களை ஓட்டும் டிரைவர்கள், மின்வழங்கிப் பெட்டி ஆகியவற்றை வாங்கினேன். இன்னொரு நாள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனைத் தெருக்களில் அலைந்து, திருகு தண்டுகளும் பேரிங்குகளும் வாங்கினேன். மொத்தம் பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். வெட்டும் முனைக்குத் தனியாக மோட்டார் வாங்கப் பணம் இல்லை. அப்பா பலகை ஓரங்களை வழிக்கும் டிரிம்மர் ஷெட்டில் இருந்தது. அவரைக் கேட்காமல் அதை எடுத்துச் சட்டத்தில் மாட்டினேன்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தவர் அதைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெல்லத்தான் சொன்னார்: "இந்த மெஷினை வச்சுத்தான்டா என் கை வேலையை எடுத்தாங்க. நீ அதையே வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறியா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர், அதன்பின் ஐந்து வாரம் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. தோட்டைப் பற்றி அம்மா ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஐந்து வாரத்தில் நான் செய்த பிழைகளை எழுதுகிறேன். பின்னால் முயலும் நண்பர்களுக்கு உதவும் அல்லவா?

முதல் பிழை, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மோட்டாரின் ஒயரைக் கழற்றியது. டிரைவர் எரிந்து போயிற்று. மறுநாளும் அதே தவறு, இன்னொரு டிரைவர்.

இரண்டாவது பிழை கணக்கில் நேர்ந்தது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும். ஆக முழுச்சுற்றுக்கு 200 படிகள். டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்ததால் 1,600. திருகு தண்டில் புரிகளுக்கு இடையே 2 மி.மீ. இருந்தது. எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 800 படி என்று எழுதினேன். 10 மி.மீ. நகரச் சொன்னேன். சட்டம் 40 மி.மீ. பாய்ந்து ஓரத்தில் மோதி, மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்லிங் முறிந்தது.

முறிந்த துண்டை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் தண்டை வாங்கி அதன் முனையை விளக்கருகே பிடித்து, "எத்தனை புரி தொடங்குகிறது, எண்ணிப் பார்" என்றார். நான்கு! நான்கு புரிகள் ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றிவருகின்றன. ஆகவே ஒரு சுற்றுக்கு அது நகரும் தூரம் 2 மி.மீ. அன்று, 8 மி.மீ. வேண்டியது 800 படியன்று, 200. முதலாண்டு ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் பிடித்துப் புரியிடைத் தூரம், மீச்சிற்றளவு என்றெல்லாம் மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சொற்களின் பொருள் அன்றுதான் விளங்கியது.

மூன்றாவது பிழை மேசையில். மலிவாகக் கிடைக்கிறதே என்று எம்.டி.எஃப். பலகையில் மேசை போட்டிருந்தேன். ஒரு நாள் இரவு மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பலகை ரொட்டிபோல் ஊதிவிட்டது.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, ஊதிய பலகை வெளியே கிடந்தது. அதன் இடத்தில் பழைய தேக்குச் சட்டங்கள் நான்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இடித்த வீடு ஒன்றிலிருந்து அப்பா வாங்கி வைத்திருந்த நிலைச் சட்டங்கள் அவை. எத்தனையோ மழையையும் வெயிலையும் பார்த்துவிட்ட மரம்; இனி முறுக்காது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

அந்தச் சட்டங்களின்மேல் இயந்திரத்தை மறுபடியும் பூட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 400 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தைப் பலகையில் வெட்டச் சொன்னேன். வெட்டியது! நான்கு பக்கங்களையும் எஃகு அளவுகோல் வைத்து அளந்தேன். 400, 300, 400, 300. துள்ளிக் குதித்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா போய் அப்பாவைக் கூட்டிவந்தார்.

அப்பா வாசலிலேயே நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கணம் பார்த்தார். "கோணல்" என்றார்.

"இல்லப்பா, நாலு பக்கமும் அளந்துட்டேன். சரியா இருக்கு."

"பக்கத்தை அளந்தா போதுமாடா?"

உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூற்கயிற்றை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்து, நகத்தால் குறித்தார். அதே கயிற்றை மற்ற இரு மூலைகளுக்கும் பிடித்தார். குறி ஒத்துவரவில்லை. "ரெண்டு நூல் வித்தியாசம்" என்றார். தச்சர்களின் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் அளந்து பார்த்தேன். ஒரு மூலைவிட்டம் 503 மி.மீ., மற்றொன்று 497. இரண்டும் 500 இருக்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து! பிதாகரஸ் தேற்றத்தைப் பள்ளியில் நிரூபித்துக் காட்டியவன் நான். அந்தப் பெயரையே கேட்டறியாத என் தந்தையார், வாசலில் நின்றபடி அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். நான் வெட்டியது செவ்வகம் அன்று, சாய்ந்துபோன இணைகரம். குறுக்குச் சட்டம் தண்டவாளங்களுக்குச் செங்குத்தாக அமையவில்லை. இயந்திரம் அந்தக் கோணலை அப்படியே பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறது.

அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் சட்டத்தைச் சரிசெய்தோம். அப்பா மூலைமட்டம் பிடித்தார். நான் போல்ட்டுகளைத் தளர்த்தி முடுக்கினேன். இயந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பிடி", "விடு", "ஒரு மயிரிழை தள்ளு", இவ்வளவுதான் பேச்சு. மாலையில் மீண்டும் வெட்டியபோது இரண்டு மூலைவிட்டங்களிலும் கயிறு ஒன்றுபோல் நின்றது.

முதல் வேலை வீட்டுக்கார அம்மாவிடமிருந்தே வந்தது. பேத்தியின் திருமணத்துக்கு இரண்டு மணைகள் வேண்டுமாம், கோலம் வெட்டியதாக. படிக்கோலத்தின் இணைகோடுகளைக் கணினியில் வரைந்தேன். பகலில் ஒன்று முதல் நான்கு மணிவரை சத்தம் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. எனவே மாலையில் ஓட்டினேன். ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழமாக மூன்று முறை சென்று வெட்டி முடித்தது. கோடுகள் நேராக வந்தன. ஆனால் கோலத்தின் மூலைகளெல்லாம் மழுங்கியிருந்தன. காரணம் எளிது. சுழலும் முனை வட்டமானது. அது எங்கே திரும்பினாலும் தன் வளைவை அந்த மூலையில் விட்டுத்தான் செல்லும். இன்னும் சிறிய முனை போட்டால் வளைவு சிறிதாகும், இல்லாமல் போகாது.

அப்பா மணையைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தம் பெட்டியைத் திறந்து எண்ணெய்த் துணியைப் பிரித்தார். ஒரு கால் அங்குல உளியைச் சாணைக்கல்லில் தீட்டினார். தரையில் அமர்ந்து, மணையை மடியருகே சாய்த்து, ஒவ்வொரு மூலையிலும் இரண்டே தட்டுத் தட்டினார். கொட்டாப்புளியின் அந்த ஓசையை ஷெட்டில் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்குள் இரண்டு மணைகளும் முடிந்தன. ஒவ்வொரு மூலையும் கத்தி வைத்ததுபோல் நின்றது.

மணைகளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வந்தது. அதை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் கட்டியிருக்கிறோம். பெரிய கடைகளோடு போட்டியிட எங்கள் சிறு மேசையால் ஆகாது. வாசற்கதவு அதில் நுழையவே நுழையாது. அப்பா இன்னமும் வாரத்தில் ஐந்து நாள் அலமாரிக்குக் கீல் மாட்டத்தான் போகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். உழவர், நெசவாளர், கொத்தனார், தையற்காரர் என்று ஏதோ ஒரு தொழிலின் பிள்ளைகள். நாம் படிப்பது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உங்கள் செய்முறை ஏட்டில் எழுதியதை ஒருமுறை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அவர்கள் கையில் ஒரு கருவியைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பேராசிரியர் அன்று தண்டின் புரிகளை எண்ணச் சொன்னாரே, அதற்கும் என் தந்தையார் கயிறு பிடித்ததற்கும் நன்றி சொல்லவே இக்கட்டுரை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஷெட்டில் இருக்கிறோம். அப்பா தம் பழைய கதவுப் பூ ஒன்றை நினைவிலிருந்து தாளில் போட்டுவைத்திருக்கிறார். அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அவர் கயிற்றால் அளந்து, "இங்கேருந்து மூணு நூல், அங்கே அஞ்சரை நூல்" என்று உரக்கச் சொல்வார். நான் ஒவ்வொன்றையும் 3.175 ஆல் பெருக்கி எழுதிக்கொள்வேன்.