கையிலிருந்து கைக்கு



காலை ஏழு மணிக்கு உங்கள் இல்லம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஒரு கையில் இட்லித் தட்டு, மறு கையில் சீப்பு. காலுறை ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. தெருமுனையில் ஹாரன் ஒலித்தால் வீடே எழுந்து ஓடும். பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு பெருமூச்சு வருமே, அதில் 'இனி மாலை வரை கவலையில்லை' என்னும் நிம்மதி கலந்திருக்கும். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில், அதற்கு நான் ஒருமுறை விலை கொடுக்கத் தெரிந்தேன்.

திருச்சி புத்தூரில், நால்ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தெரு பெரிய சாலையைச் சேரும் முனையிலேயே இருப்பதால், மாடியில் நின்றால் சாலை தெரியும். அண்ணல் காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வருவோரும் போவோரும், நகரப் பேருந்துகளும், ஆட்டோக்களும், அவசர ஊர்திகளும் ஓயாமல் ஓடும் சாலை அது. என் சிறுவயதில் நாங்கள் உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமாகப் பேசிச் சிரித்து நடந்தே பள்ளிக்குப் போய் வந்தோம். இன்று என் மகள் வழிப் பேத்தி, நகருக்கு வெளியே உள்ள ஒரு பள்ளியில் முதலாம் வகுப்புப் படிக்கிறாள். மகள் வேலைக்குச் செல்பவள். ஆகவே, பேத்தியை மஞ்சள் வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு.

காலையில் வண்டி எங்கள் வீட்டுப் பக்கமாகவே வந்து நிற்கும். மாலையில் எதிர்த் திசையிலிருந்து வருவதால் சாலையின் மறுபுறம் நிற்கும். தொடக்கத்தில் நான் நாள்தோறும் சாலையைக் கடந்து சென்று, உதவியாளராக வரும் ஆயாம்மாவின் கையிலிருந்து பேத்தியைப் பெற்றுக்கொள்வேன். பிறகு மழைக்காலம் வந்தது. முழங்கால் வலியும் வந்தது. ஒருநாள் ஆயாம்மாவிடம், "நாளையிலிருந்து நான் மாடியிலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன். எதிர்வீடுதானே, அவளே வந்துவிடுவாள்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சற்றுத் தயங்கினார். நான் சிரித்துக்கொண்டே வற்புறுத்தினேன்.

அதன் பின் பல வாரங்கள் ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராமல் இருப்பதைத்தான் நாம் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

ஒருநாள் தேர்வை முன்னிட்டுப் பள்ளி முன்னதாகவே விட்டுவிட்டது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. மகள் வேலையில் மூழ்கியிருந்ததால் பார்க்கவில்லை. நானோ லுஹர் தொழுதுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். மாடியில் யாருமில்லை. வழக்கம்போல் இறக்கிவிடப்பட்ட குழந்தை, நின்றிருந்த வண்டியின் முன்புறமாகச் சாலையைக் கடக்கக் கால் வைத்தாள். அவ்வளவு பெரிய வண்டி மறைத்து நிற்க, அதை முந்திக்கொண்டு வந்த இருசக்கர வாகனக்காரருக்கு அவள் தெரிந்தது கடைசி நொடியில்தான். அவர் பிரேக்கை அழுத்தினார், வண்டி சறுக்கியது. குழந்தை விழுந்தாள்.

இறைவன் காப்பாற்றினான். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. கூச்சல் கேட்டு நான் ஓடிச் சென்றபோது, சாலையோரம் பூ விற்கும் பெண்மணி அவளை மடியில் இருத்தித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். "நன்னி, நீங்க மாடியில இல்லையே" என்றாள் பேத்தி. அந்த ஒரு சொல் இன்றும் என் தூக்கத்தைக் கலைக்கிறது.

மறுநாள் காலை நான் வண்டியை மறித்து ஆயாம்மாவிடம் கடுமையாகப் பேசினேன். அவர் கண் கலங்கி, "நீங்கதானேம்மா சொன்னீங்க, அவளே வந்துருவான்னு?" என்றார். எனக்கு மறுமொழி இல்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். அதைக் காத்து நின்றவர் உரிய கையில் சேர்க்கத் தயாராகத்தான் இருந்தார். கையை நீட்டாமல் போனவள் நானே.

சகோதரிகளே! அந்நாளிலிருந்துதான் பள்ளி வண்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள முற்பட்டேன். தெரிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1997 நவம்பர் 18 அன்று தில்லியில் பள்ளி மாணவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று, வஜீராபாத் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு யமுனையில் விழுந்தது. 28 பிள்ளைகள் மாண்டனர். அடுத்த மாதம் 16ஆம் நாள் உச்சநீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கான நெறிகளை வகுத்தது. முன்னும் பின்னும் 'பள்ளிப் பேருந்து' என எழுதியிருக்க வேண்டும். பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சன்னல்களில் குறுக்குக் கம்பிகள், முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, உறுதியான பூட்டுடைய கதவு, பயிற்சி பெற்ற உதவியாளர் ஆகியவை வேண்டும். ஓட்டுநருக்குக் கனரக வாகனம் ஓட்டிய ஐந்தாண்டு அனுபவமாவது வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் அதில் உண்டு: இந்த நெறிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்ப்பதற்காகப் பெற்றோரோ ஆசிரியரோ வண்டியில் பயணம் செய்யலாம். இந்த உரிமை நமக்கு இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தாள். அண்மையில்தான் தகுதிச் சான்று பெற்ற வண்டி அது! சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகளை இயற்றியது. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில், பள்ளி திறக்குமுன் மாவட்டந்தோறும் மஞ்சள் வண்டிகளைத் திடலில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பது அதன் பயனே.

2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் மற்றொரு துயரம். பள்ளிக்கு வந்து இறங்கிய இரண்டாம் வகுப்புச் சிறுவன், வண்டியில் விட்டுவந்த பொருளை எடுக்கத் திரும்பியபோது, பள்ளி வளாகத்துக்குள்ளேயே அந்த வண்டி மோதி இறந்தான். அதன் பிறகு வண்டியின் முன்னும் பின்னும் கண்காணிப்புக் கேமராவும், எச்சரிக்கும் உணர்கருவியும் பொருத்த வேண்டும் என்று விதிகள் திருத்தப்பட்டன.

கூர்ந்து பாருங்கள். வண்டி ஓடும்போது மட்டுமல்ல, நின்ற பிறகும் ஆபத்து இருக்கிறது. வண்டியைச் சுற்றியுள்ள பத்தடி மண்ணில் நிற்கும் சிறு பிள்ளை, உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. முந்திச் செல்பவரின் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியர் ஃபிராங்க் சைர் ஒரு மாநாடு கூட்டினார். பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறம் என்பது அங்கேதான் முடிவாயிற்று. விடியலின் மங்கிய ஒளியிலும் அந்த நிறம் சட்டெனக் கண்ணில் படும். அதன்மேல் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும். நாம் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்நாட்டின் இன்னொரு வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு எரிந்தால், பின்னால் வருபவர் நிற்பார். நடுவே தடுப்பில்லாத சாலையானால் எதிரே வருபவரும் நின்றாக வேண்டும் என்பது சட்டம். குழந்தை கடந்து முடிக்கும் வரை சாலையே அசையாது. நம் சாலையோ ஒரு நொடியும் நிற்பதில்லை. அது நிற்காதவரை, நாம்தான் போய் நிற்க வேண்டும்.

இனி, வண்டியில் இருப்பவர்களின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். உச்சநீதிமன்றம் தந்த உரிமையைச் சொல்லிப் பள்ளியில் அனுமதி கேட்டேன். தடையின்றித் தந்தார்கள். ஒருநாள் காலையும் மாலையும் அந்த வண்டியிலேயே சென்று வந்தேன். ஓட்டுநர் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். ஒரே வண்டி முதலில் ஒரு பகுதிக்கு, பின் மறு பகுதிக்கு என இரண்டு 'ட்ரிப்' அடிக்கிறது. காலையில் முதலில் ஏறும் பிள்ளை, முக்கால் மணி நேரம் நகரைச் சுற்றிய பிறகே பள்ளியைக் காண்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ ஒரு தாய், "இதோ வந்துட்டோம்" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறார். நாம் இங்கே தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும், கடைசி நிறுத்தத்தை அடையுமுன் வண்டியின் வேகமாக மாறுகிறது. என் பேத்திக்காக நான் வாங்கிய இரண்டு நிமிடத்தை, யாரோ ஒருவரின் பிள்ளை அந்த வேகத்தில் செலுத்துகிறது!

இன்னொன்றும் கண்டேன். அவசர வழிக் கதவின்மீது பிள்ளைகளின் புத்தகப் பைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. கதவு இருந்தது, சோதனையிலும் தேறியது. ஆனால் ஆபத்து வேளையில் அதைத் திறக்க இயலாது. ஆயாம்மாவிடம் பணிவாகச் சொன்னேன். அன்றே பைகள் இருக்கைக்கு அடியில் சென்றன. இதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. ஒரு கண் தேவைப்பட்டது.

பள்ளி வண்டிக்குக் கட்டணம் கட்ட எல்லாருக்கும் இயலாது என்பதையும் அறிவேன். மூவர் அமரும் ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகள் பிதுங்கிச் செல்வதை நால்ரோட்டில் நாள்தோறும் காண்கிறேன். அரசுப் பேருந்தின் இலவசப் பயண அட்டையோடு படிக்கட்டில் தொங்கும் மாணவர்களையும் காண்கிறேன். அவர்களின் பெற்றோருக்கு நான் சொல்வதும் ஒன்றே. செலவைக் குறைக்கலாம், எண்ணிக்கையை அளவோடு நிறுத்த ஆட்டோக்காரரிடம் பேசலாம், கூட்டம் குறைந்த முந்தைய பேருந்துக்குப் பிள்ளையைப் பத்து நிமிடம் முன்னதாக அனுப்பலாம். எந்த வண்டியாயினும், ஏற்றவும் இறக்கவும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் தெருவில் அந்த வண்டியில் செல்லும் பிள்ளைகள் ஐந்து வீட்டில் இருக்கிறார்கள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நாங்களுமாக அந்த ஐந்து வீட்டாரும் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு ஒருவர், மாலையில் வண்டி வருமுன் மறுபுறம் சென்று நிற்பார். ஐந்து பிள்ளைகளையும் பெற்று, வண்டி நகர்ந்து சாலை தெளிந்த பின்னரே கடத்திக் கொண்டுவருவார். வர இயலாதவர் முன்னரே அடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக் குழுவில் செய்தி வந்தால், முதலில் பார்ப்பவர் மற்ற நால்வருக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஆயாம்மாவிடமும் ஒன்று சொன்னோம்: எங்களில் ஒருவர் நிற்கவில்லையென்றால் பிள்ளையை இறக்கவே வேண்டாம்; கடைசி வரை கூட்டிச் சென்று எங்களுக்கு அழையுங்கள்; நாங்கள் வந்து பெற்றுக்கொள்கிறோம். நாங்கள் வற்புறுத்தினாலும் கேட்க வேண்டாம்! அவர் முகத்தில் அன்று தோன்றிய நிம்மதியைச் சொல்லி முடியாது. அத்தனை நாளும் அந்தச் சுமையை அவர் தனியே சுமந்திருக்கிறார்.

அவருக்கும் பள்ளி செல்லும் மகள் ஒருத்தி இருப்பதை அதன்பிறகே அறிந்தேன். நம் பிள்ளைகளை ஏற்றுவதற்காக, அவர் தம் பிள்ளையை விடியலில் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறார். பெருநாளன்று நம் வீட்டுப் பலகாரம் அந்த வண்டிக்கும் போகட்டும், சகோதரிகளே!

என் முழங்கால் வலி இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என் முறை. அன்று மாலை மணி நான்கைத் தொடுமுன் சாலையின் மறுபுறத்தில் நான் நிற்பேன். பூக்காரப் பெண்மணி தம் பக்கத்தில் எனக்கொரு முக்காலி போட்டு வைத்திருப்பார். வண்டி வந்து நிற்கும். கதவு திறக்கும். ஆயாம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டுவார். அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு ஒவ்வொரு பிள்ளையாக வந்து சேரும் வரை நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

இன்று மாலை உங்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ள யார் நிற்கப் போகிறார்கள் என்று, இதழை மூடுமுன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.