நத்தைக் கணக்கு

கண்ணாடித் தொட்டியில் றால் வளர்க்கிறவர்கள் நத்தையைக் காசு கொடுத்து வாங்குவது குறைவு. அது தானாகவே வந்துசேரும். கடையில் வாங்கிய செடியின் இலைக்கு அடியில் அரை நகமளவு கூழ்த்துளி ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குள் பத்து, இருபது முட்டைகள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கண்ணாடியெங்கும் ஊர்ந்து திரியும். விசாவும் கேட்காது, ஸ்பொன்சரும் கேட்காது. எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்துசேர்ந்த விதத்தோடு ஒப்பிட்டால் நத்தையின் பயணம் எவ்வளவோ சுகமானது.

எங்கள் வீடு கொலோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பட்டினத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. தொட்டி மகனுடையது. முப்பது லீற்றர். 2019இல் அவன் படிப்புக்காக வேறு நகரம் போனபோது, ரெலிபோனில் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன் என்று எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். சொல்லியும் தந்தான். பஞ்சு வடிகட்டிதான் நல்லது, மற்றவை குஞ்சுகளை இழுத்து விழுங்கிவிடும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டி என்றால் அவை பெருகுவதற்கு நாலைந்து வாரம் காத்திருந்து, அதன் பிறகே றாலை விடவேண்டும். கிழமைக்கு ஒரு முறை ஐந்திலொரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

தண்ணீர் எங்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. இங்கே குழாயில் வருவது சுண்ணாம்புத் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிந்தது போலவே இதுவும் படியும். கேத்திலுக்குக் கேடு, றாலுக்கும் நத்தைக்கும் நல்லது. ஒன்று தோல் கழற்றிப் புதுத்தோல் கட்டுவதற்கும் மற்றது ஓடு கட்டுவதற்கும் அந்தச் சுண்ணாம்புதான் வேண்டும். றால் கழற்றிய தோலை வெளியே எடுத்துப் போடக்கூடாது. அதையும் அவை தின்றுவிடும்.

எங்கள் தொட்டியில் இருப்பவை சிவப்பு றால்கள். இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். கிழக்காசியாவின் நன்னீரில் வாழ்கிற நெயோகரிடினா என்ற இனம். இயற்கையில் அவை மங்கிய பழுப்பு நிறம். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவை. சிவப்பையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறையில் பேரப்பிள்ளைகள் பழுப்புக்குத் திரும்பிவிடும். அதனால் வியாபாரிகள் கலக்க விடமாட்டார்கள். எங்களுக்குப் பழுப்பும் அழகாகத்தான் தெரிகிறது.

அம்மா (எங்களில் ஒருவருக்கு மாமி) நாவாந்துறைச் சந்தையில் றால் வாங்கிச் சமைத்தவர். முதல்நாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “இது ஒரு சொதிக்கும் காணாது” என்றார். பிறகு கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். தாய் றால் வயிற்றுக்கு அடியில் இருபது முப்பது முட்டைகளைச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டே திரிவதை எங்களுக்குக் காட்டியதும் அவர்தான். மூன்று நாலு கிழமையில் குஞ்சு பொரிக்கும். அவை தாயைப் போலவே உருவான, இரண்டு மில்லிமீற்றர் றால்கள். அம்மா அதை நம்பவில்லை. எங்கள் ஊர்க் கடல்நீரேரியில் பிடிபடும் றால் கடலில் பிறந்து, களப்புக்குள் வந்து வளர்வது. “கடல் இல்லாமல் எப்படிக் குஞ்சு?” என்று பல நாள் கேட்டார். பிறகு, கேட்டதை மறந்து கேட்கத் தொடங்கினார்.

2020இல் அம்மாவின் மறதி வெளியே தெரிய ஆரம்பித்தது. அதை முதலில் சொன்னவை நத்தைகள் என்றுதான் சொல்லவேண்டும்.

தொட்டியில் மூன்று விதமான நத்தைகள் இருந்தன. கூரான வால் உள்ள சிறு நத்தை ஒன்று. அதன் ஓடு இடப்பக்கமாகச் சுருண்டிருக்கும். தனியே ஒன்று இருந்தாலும் போதும், துணையில்லாமலே முட்டையிட்டுவிடும். இரண்டாவது ஆட்டுக்கடாக் கொம்பு போலத் தட்டையாகச் சுருண்டது. பெரும்பாலான நத்தைகளுக்கும் றாலுக்கும் இரத்தத்தில் ஒக்சிசனைச் சுமப்பது செம்பு. இந்தத் தட்டை நத்தைக்கு மட்டும் எங்களைப் போல இரும்பு, சிவப்பு இரத்தம். மூன்றாவது நீண்ட கூம்பு போன்றது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில் வெளியே வரும், குட்டியாகவே ஈனும். இது எங்கள் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் உள்ளதுதான்.

நத்தை பெருகுவது நோயல்ல. அது ஒரு கணக்கு. எத்தனை நத்தை நிற்கிறதோ அவ்வளவுக்கு மிச்சச் சாப்பாடு தொட்டியில் கிடக்கிறது என்று அர்த்தம். நாற்பது றாலுக்கு இரண்டு நாளைக்கொரு முறை ஒரு பட்டாணி அளவு தீன் தாராளம். மற்ற நேரங்களில் அவை இலையிலும் கல்லிலும் படிந்திருக்கும் படலத்தை மேய்ந்துகொள்ளும். அப்படியிருக்க, நாங்கள் இருவரும் வேலையால் வந்து பார்த்தால் கண்ணாடியில் நூற்றைம்பதுக்கு மேல் நத்தைகள். பகல் வெளிச்சத்திலேயே கூம்பு நத்தைகள் மணலைவிட்டு மேலே ஏறி நின்றன. மணலுக்குள் ஏதோ அழுகுகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. நைத்திரைற் சோதனைத் துளி விட்ட தண்ணீர் இளஞ்சிவப்பானது. மூன்று றால்கள் வெளிறிக் கிடந்தன. தீன் டப்பா பாதிக்கு மேல் காலி.

“அம்மா, இப்பதானே போட்டனீங்கள்?”

“எங்கை போட்டனான்? பசியோடை பாத்துக்கொண்டு நிக்குதுகள்.”

டப்பாவை ஒளித்தோம். அம்மா தன்னுடைய சோற்றில் ஒரு பிடி எடுத்து வைத்திருந்து போட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு வெளிக்கிட்டு, சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பதினொரு பேருக்கு ஒரு பானையில் கஞ்சி வைத்தவர் அவர். மகன் பிறந்த திகதி மறந்துபோனது, அந்தப் பதினொரு பேரின் பெயர் மறக்கவில்லை. அப்படிப்பட்டவரிடம் தீன் போடவேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஆலோசனை சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர் நத்தை மருந்துப் போத்தல் ஒன்றை நீட்டினார். லேபிளில் செம்பு என்று இருந்தது. றாலின் இரத்தத்தில் ஓடுவதும் செம்புதான், ஆனால் தண்ணீரில் கரைந்து வரும் செம்பு அதைக் கொன்றுவிடும். நத்தைக்கு வைத்தது றாலையும் முடித்துவிடும். தென்கிழக்காசியாவிலிருந்து வரும் நத்தை தின்னும் நத்தை ஒன்றும் உண்டு. நத்தை தின்னும் மீன்களும் உண்டு, அவை றால் குஞ்சையும் விடாது. எல்லாவற்றையும்விட லேசான யோசனையைச் சொன்னவர் எங்கள் நண்பர் ஒருவர்: தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் அம்மா காலையில் கட்டிலால் எழும்புவது அந்தக் கதிரைக்காக மட்டும்தான்.

முதலில் நத்தையைக் குறைத்தோம். இரவில் ஒரு வட்டக் கெக்கரிக்காயைக் கரண்டியில் குத்தித் தொட்டிக்குள் இறக்கிவைத்தால், விடியற்காலையில் அதில் இருபது முப்பது ஏறியிருக்கும். அப்படியே தூக்கிவிடலாம். தூக்கியதைப் பையில் கட்டி உறைபெட்டியில் ஒருநாள் வைத்துக் குப்பையில் போடவேண்டும். வாய்க்காலில் கொட்டக்கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பு. தென்னமெரிக்க ஆப்பிள் நத்தை ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்து நெல்வயல்களுக்குள் புகுந்த பிறகு, 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நத்தை வகையையே உள்ளே விடாமல் தடைசெய்தது. எங்கள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. கொலோனுக்கு வடமேற்கே கில்பாக் என்று ஒரு சிற்றாறு. நீடராவுசெம் நிலக்கரி மின்நிலையத்தின் சூட்டுத் தண்ணீர் விழுந்து மாரியிலும் வெதுவெதுப்பாக ஓடிய ஆறு. அந்த ஆற்றுத்தொகுதியில் இரண்டு ஆசிய றால் இனங்கள் வாழ்வதாக 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒன்று எங்கள் தொட்டியில் உள்ள அதே நெயோகரிடினா, மற்றது இந்திய உபகண்டத்து நன்னீர் றால். பனிநாட்டில், மின்நிலையத்தின் கழிவுச் சூட்டில் அவை பிழைத்துக் கிடந்தன. அதை வாசித்த இரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

நத்தையை எடுத்தாலும் தீன் விழுந்தால் திரும்பப் பெருகும். அம்மா எவ்வளவு போட்டாலும் தண்ணீர் கெடாத ஒன்று வேண்டியிருந்தது. அதையும் மகன்தான் சொன்னான்: காய்ந்த இலை. கடையில் ‘கடல் வாதுமை இலை’ என்று பாக்கெற்றில் விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் எங்கள் கடற்கரையோரங்களில் வெளவால் கொட்டை போடுமே, அந்த மரத்து இலை! கூட்டிக் குவித்து எரித்த இலைக்கு இங்கே ஒயிரோவில் விலை. அது தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும், பல கிழமை ஊறிக் கிடக்கும். மேலே படரும் படலத்தை றாலும் நத்தையும் மேயும். சோறுபோல ஒருநாளில் புளித்து அழுகாது. இலையுதிர் காலத்தில் காட்டில் விழுந்து கிடக்கும் பழுப்பு ஓக் இலையும் பீச் இலையும் இதே வேலையைச் செய்யும், காசும் இல்லை. வீதியோரத்தில் பொறுக்கக்கூடாது, பச்சை இலை கூடாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுக்கினோம். கொழுக்கட்டைக்கு இலை தெரிவது போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தெரிந்தார்.

பழைய தீன் டப்பாவுக்குள் ஏழு இலை வைத்தோம். பகலெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகப் போடுகிறார். உடனே றால்கள் வந்து ஏறிக் கைகளால் கிள்ளிக் கிள்ளித் தின்பதைப் பார்க்க அவருக்கு நிறைவு. மூன்று மாதத்தில் நைத்திரைற் சோதனை நிறம் மாறாமல் நின்றது. கண்ணாடியில் எண்ணினால் முப்பது நத்தை வரும், அது இருக்கட்டும். மிச்சம் மீதியைத் துப்புரவாக்க அவையும் வேண்டும்.

அம்மா படுத்த பிறகு ஒரு இலையைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, மற்றவற்றைக் கவ்வியால் எடுத்து, ஒட்டியிருக்கும் குஞ்சுகளைத் தண்ணீருக்குள் உதறிவிட்டு, ஹீற்றரின்மேல் பரப்பிக் காயவைக்கிறோம். கிழிந்ததுக்குப் பதில் புதிது. விடியமுன் டப்பாவில் திரும்ப வைத்துவிடுவோம். அம்மா கதிரையில் வந்து உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து எண்ணுவார்.

“ஏழு கிடக்கு. இண்டைக்குக் காணும்.”