பாவி என்ற பட்டம்

திங்கள், இரவு

ஆன்மிக நாட்டம் வந்து, தியானத்தில் கொஞ்சம் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் தங்கள் கோபமும் பொறாமையும் பெயர் வாங்கும் ஆசையும் முன்பைவிடத் துலக்கமாகத் தெரிய ஆரம்பிக்கும். இது நல்ல அறிகுறி. ஆனால் பலர் அந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். ‘இத்தனை படித்தும் இந்த ஆணவம் போகவில்லையே’ என்று தன்னைத் தானே வைதுகொள்வதைச் சாதனை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆணவத்தைக் கொல், நசுக்கு, எரி என்று முழங்கும் பிரசங்கங்களும் அதற்குத் தூபம் போடுகின்றன. எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. தன்னை வெறுப்பதால் ஆணவம் குறைவதில்லை, அதற்கு நீதிபதி உத்தியோகம்தான் கிடைக்கிறது. கூண்டில் நிற்பதும் நான், தீர்ப்புச் சொல்வதும் நான் என்றாகி, ஒரு ‘நான்’ இருந்த வீட்டில் இரண்டு குடியேறிவிடுகின்றன.

தன்னை வெறுப்பது வழியல்ல என்பதற்குச் சான்று திருவண்ணாமலையில் இருக்கிறது. 1901-02 வாக்கில் விரூபாட்ச குகையில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமண மகரிஷி விடை எழுதிக் காட்டினார். அப்போது அவர் பேசுவது அரிது. வயது 22-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த விடைகளிலிருந்து உருவானதே ‘நான் யார்?’ என்ற சிறுநூல். எவ்வளவு பெரிய பாவியானாலும், அதை எண்ணி ஏங்கி அழுதுகொண்டிருக்க வேண்டாம், பாவி என்ற அந்த எண்ணத்தையே விட்டுவிட்டுத் தன்னை நாடுவதில் ஊக்கமாயிரு என்கிறது அது. நல்ல மனம், கெட்ட மனம் என்று இரண்டு இல்லை, மனம் ஒன்றே, அதில் ஊறிய பழக்கப் பதிவுகளான வாசனைகள்தான் இருவகை என்றும் சொல்கிறது. குற்ற உணர்ச்சிக்குச் சாதனையில் இடமே தராத பேச்சு இது. காரணம் அவருடைய ‘உள்ளது நாற்பது’ நூலில் தெளிவாகிறது. அகந்தைக்குச் சொந்தமாக ஓர் உருவம் கிடையாது. எதையாவது பற்றிக்கொண்டுதான் அது நிற்கும். யாரென்று தேடிப் போனால் நிற்காது. அப்படியானால் ‘நான் ஞானி’ என்பது எப்படி ஒரு பிடியோ, ‘நான் பாவி’ என்பதும் அப்படியே. இரண்டாவது, பார்வைக்குப் பணிவாக இருப்பதால் ஆபத்து கூடுதல்.

செவ்வாய்

ரமணர் அகந்தை நாசத்தையே சொன்னார், அப்புறம் தன்னை ஏற்றுக்கொள்வது எங்கே வருகிறது என்று கேட்கலாம். நாசமானது எது, மிஞ்சியது எது என்று அவர் வாழ்க்கையில் பார்ப்போம். 1896-இல் மதுரையில், 16 வயதில், மரண பயம் வந்து தன்னை விசாரித்த அனுபவம். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கையில் வந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். கட்டணம் கட்டவில்லை, மீதி 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று சீட்டில் குறித்து வைக்கிறார். கையெழுத்து வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பெயரை உதறிவிட்டுப் போகிற பையனுக்கு அந்த 2 ரூபாய்க் கணக்கு நினைவிருக்கிறது, இல்லாவிட்டால் அண்ணன் தவிப்பார் என்பதும் தெரிகிறது. எனக்கு இந்தச் சீட்டு பல தத்துவ நூல்களைவிடப் பெரிய சான்று. பிற்காலத்திலும் ஆசிரம அடுக்களையில் விடியுமுன் காய் நறுக்கினார், அரைத்தார், செய்தித்தாள் படித்தார். 1938-இல் உயில்கூட எழுதி வைத்தார். எண்ணவும் நினைக்கவும் பொறுப்பேற்கவும் தெரிந்த மனிதர் அப்படியே இருந்தார். உரிமை கொண்டாடல் மட்டும்தான் இல்லை. சைவ சித்தாந்தமோ இன்னும் ஒரு படி போய், முத்தியிலும் ஆணவ மலம் இல்லாமல் போவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்கும் என்கிறது. இரண்டு தரிசனங்களும் வேறு வேறுதான். ஆனாலும் தன்னை அடித்து நொறுக்கச் சொல்வது இரண்டிலும் இல்லை.

இளமையில் ரமணர் திருவண்ணாமலைப் பாதாளலிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரித்தும் அசையாமல் இருந்தாரே, அது உடலை வதைத்தது ஆகாதா? ஆகாது. அதை ஒரு விரதமாக அவர் மேற்கொள்ளவில்லை. உடல் நினைவே அப்போது இல்லை. நாடி வந்தவர்களுக்கு அவர் வகுத்த நியமம் அளவான சாத்விக உணவு. அந்தக் குகையைக் காட்டித் தன்னை வருத்திக்கொள்கிறவர்கள் அந்த நியமத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வியாழன்

இன்னும் கனமான மறுப்பு திருவாசகத்திலிருந்து வருகிறது. மாணிக்கவாசகர் தம்மை நாயினும் கீழாகச் சொல்லிக்கொள்கிறாரே? உண்மைதான். ஆனால் யாரிடம் சொல்கிறார்? தன்னிடமே முணுமுணுக்கவில்லை, சிவனிடம் சொல்கிறார். அப்படிப்பட்டவனையும் நீ ஆட்கொண்டாயே என்ற வியப்பு கூடவே வருகிறது. தன் கீழ்மை முழுவதையும் மறைக்காமல் எடுத்து வைக்க ஒருவரால் முடிகிறதென்றால், ஏற்றுக்கொள்ளப்பட்டோம் என்ற உறுதி முன்பே இருப்பதால்தான். அந்த உறுதியைக் கழித்துவிட்டு நிந்தனையை மட்டும் இரவல் வாங்கினால் மிஞ்சுவது மனச்சோர்வே.

தன்னை ஏற்றுக்கொள் என்றால் சோம்பலுக்கும் தவறுக்கும் உரிமம் ஆகிவிடாதா? இந்தக் கேள்விக்கு மதிப்பு உண்டு. ஆறாத மனக்காயங்களிலிருந்து தப்பிக்க ஆன்மிகத்தையே மறைப்பாக்குவதை அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1980-களிலேயே பெயரிட்டு எச்சரித்தார். யாரையோ புண்படுத்திவிட்டு ‘எல்லாம் மாயை’ என்று நகர்வது அந்த வகைதான். நான் சொல்லும் ஏற்பு வேறு. கோபம் வந்தால் வந்தது என்று ஒப்புக்கொள்வது, புண்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது, பிறகு ‘இது யாருக்கு வந்தது?’ என்று உள்ளே திரும்புவது. கோட்டைக்குள்ளிருந்து வெளிவரும் எதிரிகளைப் போல வாசனைகளை வர வர வெட்டச் சொல்கிறது ‘நான் யார்?’. அந்த வெட்டுக்கு ஆயுதம் இந்தக் கேள்விதான், வசவு அல்ல. ஒப்புக்கொள்ளாத எண்ணத்தை விசாரிக்கவும் முடியாது. வெறுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு அது யாருக்கு வந்தது என்று எப்படித் தெரியும்?

‘நான் யார்?’ சில பக்கங்களே கொண்ட நூல். தன் குறைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு தியானத்தில் உட்காரும் நண்பர்கள், பாவி என்ற எண்ணத்தைப் பற்றி அதில் வரும் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு உட்காருங்கள்.