கேசட் கடை அண்ணனும் அமெரிக்க ராப்பும்

உங்களிடம் ஒரு கேள்வி. 'ராப்' என்ற வார்த்தையை முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?

நாற்பதைத் தாண்டியவர் என்றால் பதிலை நானே சொல்லிவிடுவேன். 1994. 'காதலன்'. பேட்டை ராப். டைரக்டர் ஷங்கரே எழுத, ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீதோடு தேனி குஞ்சரம்மாளும் சேர்ந்து பாடிய பாட்டு. நியூயார்க்கில் பிறந்த ஒரு சமாசாரம், நம்ம ஊருக்குள் நுழையும்போது தேனிப் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது. அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் அந்தப் பாட்டு உப்பில்லாத கூழ்!

அது பிறந்த கதை சுருக்கமாக. 1970-களில் பிராங்க்ஸ் பகுதியில் காசில்லாத கறுப்பினப் பையன்கள், வீட்டில் இருந்த பழைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, நல்ல தாளம் வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, அதன் மேல் பேசினார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லாதவன் அடுத்தவன் வாசித்ததையே வாத்தியமாக்கிக்கொண்டான். அப்படி வெட்டி எடுக்கிற துண்டுக்கு 'சாம்பிள்' என்று பெயர். இந்த ஒரு வார்த்தையை மட்டும் மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் பேச வந்தது 2003-ஆம் வருஷத்தைப் பற்றி. ராப் ரசிகர்களுக்கு அது தீபாவளி வருஷம். பிப்ரவரியில் 50 சென்ட் என்கிறவரின் முதல் பெரிய ஆல்பம். முதல் வாரத்திலேயே 8 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. செப்டம்பரில் அவுட்காஸ்ட் என்ற ஜோடி, ஆளுக்கொரு தட்டாக இரட்டை ஆல்பம் போட்டு, அடுத்த வருஷம் கிராமியில் 'சிறந்த ஆல்பம்' விருதை அள்ளிக்கொண்டு போனது. நவம்பரில் ஜே-ஸீ, 'இதுதான் கடைசி, நான் ரிட்டயர்' என்று அறிவித்து 'தி பிளாக் ஆல்பம்' வெளியிட்டார். (2006-ல் அடுத்த ஆல்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். நம்ம ஊர் அரசியல்வாதிகளின் ஓய்வு மாதிரிதான்!) நடுவில் ஜூனில் பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'எலிஃபங்க்'. இதையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

குன்றத்தூருக்கு இதெல்லாம் எப்படி வந்தது?

அப்போது நான் பி.காம். கடைசி வருஷம். செம்பரம்பாக்கம் ஏரிக் காற்று, 84 படி ஏறினால் முருகன், கீழே சேக்கிழார். ஊரின் பெருமை அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்க ஆல்பத்தின் ஒரிஜினல் கேசட் 125 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு வாரம் டீயும் பஸ்ஸும் ஓடிவிடும். பாரிமுனைக்கு பஸ் ஏறி பர்மா பஜாரில் எம்.பி.3 ஸி.டி. வாங்கலாம். ஒரே தட்டில் 100, 150 பாட்டு. ஆனால் எந்தப் பாட்டு யாருடையது என்று அந்தத் தட்டுக்கே தெரியாது. 'டிராக் 01', 'டிராக் 02' என்று வரிசையாக நிற்கும், ஜெயில் கைதிகள் மாதிரி.

மூன்றாவது வழி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ரெக்கார்டிங் கடை.

இருபதுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். நீங்கள் ஒரு தாளில் 12 பாட்டு எழுதிக் கொடுப்பீர்கள். கடைக்காரர் காலி கேசட்டில் பதிவு செய்து இரண்டு நாளில் தருவார். எங்கள் கடைக்கார அண்ணனுக்கு சில கொள்கைகள் உண்டு. பக்கத்தின் முடிவில் நாடா சும்மா ஓடக் கூடாது. ஒரு நிமிஷம் மிச்சமிருந்தால்கூட இளையராஜாவின் பின்னணி இசைத் துண்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். (நாம் கேட்கவே மாட்டோம். அதுக்குக் காசும் வாங்க மாட்டார்.) இன்னொன்று, உள்ளே வைக்கிற அட்டை. நீல பேனாவில் குண்டு குண்டாக பாட்டு, படம், பாடியவர், இசை என நாலு கட்டம் எழுதுவார். எதுவும் காலியாக இருக்கக் கூடாது. பாடியவர் பெயர் தெரியவில்லை என்றால் கேசட்டே தர மாட்டார். "நாளைக்கு வா தம்பி, கேட்டு வெக்கிறேன்" என்பார்.

சட்டப்படி அவர் செய்தது திருட்டு. அதில் சந்தேகமே வேண்டாம். அவர் வாங்கிய காசில் ஒரு பைசா இளையராஜாவுக்கோ எஸ்.பி.பி.க்கோ போகவில்லை. ஆனால் பெயரைத் திருடவில்லை.

எங்களுக்கு பி.காமில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. 'வாங்குகிறவனைப் பற்று வை, கொடுக்கிறவனை வரவு வை.' டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர். கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை மறந்தாலும் கொடுத்தவன் பக்கத்தை மறக்கக் கூடாது. மறந்தால் ஐந்தொகை இடிக்கும்.

அமெரிக்காவில் அந்த ஐந்தொகை 2003-ல் இடித்தது. ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' 2002-ல் அங்கே பெரிய ஹிட். பின்னால் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். யார் குரல் தெரியுமா? நம்ம லதா மங்கேஷ்கர்! 1981-ல் வந்த 'ஜோதி' என்ற இந்திப் படப் பாட்டு, பப்பி லஹிரி இசை. ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. கேஸ் போட்டார்கள். பப்பி லஹிரியின் பெயரைப் போடாமல் விற்கக் கூடாது என்று 2003-ன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட் உத்தரவு போட்டது. இத்தனைக்கும் லஹிரியின் மீதே 'அங்கே சுட்டார், இங்கே சுட்டார்' என்று பம்பாய்க்காரர்கள் பட்டியல் வைத்திருந்தார்கள். அதனால் என்ன? கடன் வாங்கினவனுக்கும் வரவேண்டிய பாக்கி இருக்கலாம் இல்லையா!

இப்போது பாக்கெட்டில் போட்டதை வெளியே எடுங்கள்.

'எலிஃபங்க்' ஆல்பத்தில் 'தி எலிஃபங்க் தீம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதில் இருக்கிற சாம்பிள் 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தில் இளையராஜா போட்ட 'உனக்கும் எனக்கும்'. ஆமாம் சார், ரஜினியின் 100-வது படம். காவி கட்டி, கையெடுத்துக் கும்பிட்டு நிற்பாரே, அதே படம்தான்.

ரெக்கார்டிங் கடையில் வியாழக்கிழமை என்றால் ராகவேந்திரர் கேசட்டுக்குத் தனிக் கிராக்கி. அண்ணன் அதற்கென்றே ஒரு தொகுப்பு வைத்திருந்தார். 'ஸ்ரீ ராகவேந்திரர்' பாட்டுகள், கூடவே வேறு பக்திப் பாட்டுகள். அதில் ஒரு பாட்டை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார். 'உனக்கும் எனக்கும்'! அது பக்திப் பாட்டு இல்லை, ஆட்டப் பாட்டு. பூஜை அறையில் ஓடினால் மாமிகள் திட்டுவார்கள் என்று ஒதுக்கி வைத்தார். குன்றத்தூரில் ஒதுக்கினது கலிஃபோர்னியாவில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே வருஷம் எங்கள் கிளாஸில் ஓயாத பட்டிமன்றம் ஒன்று ஓடியது. தமிழில் ராப் வருமா, வராதா? 'வராது' கட்சிதான் பெரும்பான்மை. "ரைமிங்கே வராதுடா, எல்லாம் தான், தான்னு முடியும்" என்பான் நண்பன். அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. வந்தான், நின்றான், தின்றான் என்று வாக்கியம் எல்லாம் ஒரே வாலோடு முடிகிறது. ஆங்கிலக்காரன் தவம் இருந்து பிடிக்கிற கடைசி ஓசை நமக்கு ஓசியில் கிடைக்கிறது. ஓசியில் கிடைப்பதற்கு மதிப்பு ஏது? அதனால்தானோ என்னவோ, நம் ஆட்கள் ஓசையைக் கொண்டுபோய் வரியின் தலையில் வைத்தார்கள். முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. கிருத்திகைக்கு மலைப்படியில் நின்று திருப்புகழ் கேட்டுப் பாருங்கள். அருணகிரிநாதரின் சந்தத்துக்கு மூச்சுப் பிடிக்க முடியாமல் பாடகர் திணறுவது தெரியும். ராப் பாடுகிறவனுக்கு வேண்டிய அத்தனை பயிற்சியும் அதில் இருக்கிறது.

பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு சென்னையிலிருந்து வரவில்லை. ரஹ்மான் 2002-ல் 'பாபா'வில் ப்ளேஸ் என்பவரை வைத்து ராப் பாட வைத்திருந்தார், அது உண்மை. ஆனால் சினிமாவுக்கு வெளியே, தனி ஆல்பமாக வந்தது கோலாலம்பூரிலிருந்து. பொயட்டிக் அம்மோ என்ற குழு 1998-லேயே அங்கே ஆல்பம் போட்டு, ஆங்கிலம், மலாய், தமிழ் என்று கலந்து கட்டி ராப் செய்துகொண்டிருந்தது. அதில் ஒருவரான யோகி பி, நட்சத்திரா என்ற பெயரில் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' ஆல்பம் கொண்டு வந்தார். முழுக்கத் தமிழ் ராப்.

எனக்கு அது கையில் கிடைத்தது பக்கத்து வீட்டுக்காரரின் மலேசியச் சொந்தம் மூலம். டைகர் பாம், மைலோ பாக்கெட்டோடு சூட்கேஸில் ஒரு ஸி.டி.யும் வந்தது. அதில் 'மடை திறந்து'. 1980-ல் 'நிழல்கள்' படத்தில், வாய்ப்புத் தேடும் ஒரு இசையமைப்பாளனின் கனவாக இளையராஜா போட்ட பாட்டு. அதை எடுத்து மேலே தமிழில் பொரிந்து தள்ளியிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்களே, அந்த ஜனங்கள் வழி வந்த தமிழ் அது. பிராங்க்ஸ் பையன் வீட்டில் கிடந்த இசைத்தட்டை எடுத்தான் என்றால், இவர்கள் வீட்டில் கிடந்ததும் ராஜாதான். அடுத்த வருஷமே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் பாடினார். அதற்குள் செல்போன் வைத்திருந்தவன் எல்லாம் 'மடை திறந்து' ரிங்டோன் வைத்திருந்தான்.

லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பெண் எம்.ஐ.ஏ.யையும் சொல்லாமல் விட்டால் தகாது. அவருடைய 'கலாங்' முதலில் வந்தது 2003 கடைசியில்தான், 500 இசைத்தட்டு மட்டும். 2007-ல் 'கலா' என்று அம்மா பெயரில் போட்ட ஆல்பம் திறந்ததும் கேட்பது, 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. மறுபடியும் ராஜா! பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஹிப்ஹாப் தமிழா ஆதி, 2018-ல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ், அறிவு... மீதி உங்களுக்கே தெரியும்.

காசு விஷயம் மட்டும் இன்னும் பாக்கி. படத்துக்காகப் போட்ட பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதன்பின் 35 வருஷம், பாட்டு எங்கே ஒலித்தாலும் போட்டவரும் எழுதியவரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 2012-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும் பாட்டின் ராயல்டியில் அவர்களுக்குப் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று. (வாரிசுக்கோ, வசூலிக்கும் சங்கத்துக்கோ கொடுக்கலாம்.) கொடுத்தவனை வரவு வைக்க நம் பார்லிமென்ட்டுக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

ரெக்கார்டிங் கடை அதற்கு முன்பே போய்விட்டது. எம்.பி.3 பாதி கொன்றது, செல்போன் மீதி கொன்றது. இப்போது அதே இடத்தில் அண்ணனின் பையன் போனுக்கு கண்ணாடி ஒட்டுகிறான். அண்ணன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

போன மாசம் அவர் காதில் இயர்போனை மாட்டி 'எலிஃபங்க் தீம்' போட்டேன். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"தம்பி... இது நம்ம ராகவேந்திரர் பாட்டாச்சே! நான் போடாம விடுவேனே, அது!"

"ஆமாண்ணே. அமெரிக்காக்காரங்க எடுத்துக்கிட்டாங்க."

"நான் வேணாம்னு வெச்சதையா?" சிரித்தார். "யாரு குரூப்பு?"

சொன்னேன். அர்த்தம் கேட்டார். அதையும் சொன்னேன்.

"காராமணியா? காராமணின்னா பேர் வெச்சிருக்கானுங்க?"

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை உருவினார். பழைய கடை நோட்டு, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. பையனிடம் பேனா வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ஸ்ரீ ராகவேந்திரர்' பக்கத்தைத் தேடிப் பிடித்து, கீழே குண்டு குண்டாக எழுதினார். பாட்டு: எலிபங்க் தீம். ஆல்பம்: எலிபங்க், 2003. பாடியவர்: காராமணி குரூப். இசை: இளையராஜா.