நகரும் வீட்டில் ஒரு பகல்

வீட்டை விட்டுப் புறப்படுவதே பயணம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். வீட்டையே உடன்கொண்டு புறப்படும் வழக்கம் அமெரிக்க நாட்டில் பெருகியது. கூடம், சமையற்கட்டு, படுக்கை அனைத்தையும் ஒரு வண்டிக்குள் அடக்கிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் ஓய்வூதியர் அங்கு ஏராளம். நம் நாட்டில் அது பெரும்பாலும் செல்வரின் பொழுதுபோக்கு. மைய அரசின் எழுத்தன் ஒருவன் அத்தகைய வண்டியை வாடகைக்குப் பேசினான் என்றால் தக்க காரணம் இருந்திருக்க வேண்டுமன்றோ?

காரணம் இரண்டு. ஒன்று, 78 வயதான என் அன்னையார். முழங்கால் மடக்கி நெடுநேரம் அமர அவரால் இயலாது. கழிவறையும் அருகில் வேண்டும். மற்றொன்று, சண்டிகரில் இருக்கும் எங்கள் நண்பர்.

தில்லி ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் 12 ஆண்டுகள் எங்கள் அண்டை வீட்டில் வாழ்ந்தவர் அவர். பதவி உயர்வு பெற்றுச் சண்டிகர் சென்றவரை 2024 மார்ச்சில் பக்கவாதம் தாக்கிற்று. வலக்கை தளர்ந்தது, பேச்சு அறவே நின்றது. சில திங்கள் கழித்துச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பியவை தமிழ்ச் சொற்கள். கோப்புகளில் குறிப்பெழுதிய ஆங்கிலமும் கடைத்தெருவில் பேசிய இந்தியும் வரவில்லை. இந்நோயில் சிலருக்குத் தாய்மொழி முந்தி மீளும். சிலருக்கு அண்மையில் மிகுதியாகப் புழங்கிய மொழி முந்தும். பொதுவிதி ஏதும் இல்லை என்பர் மருத்துவர். நண்பருக்குப் பேச்சுப் பயிற்சி தருபவரோ இந்தியும் பஞ்சாபியும் மட்டுமே அறிந்தவர். மனைவியார் பள்ளியாசிரியை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. மின்தூக்கி இல்லாத குடியிருப்பின் இரண்டாம் மாடியில், பகல் முழுவதும் பேச ஆளின்றி அவர் அமர்ந்திருந்தார்.

நான்கு குடும்பங்கள் வாடகையைப் பகிர்ந்துகொண்டோம். டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை 7 மணிக்கு எழுவர் புறப்பட்டோம். உள்ளே இரண்டு படுக்கைகள், ஒரு மடிப்பு மேசை, எரிவாயு அடுப்பு, கைகழுவும் தொட்டி, அலமாரி அளவே ஆன கழிவறை. அன்னையார் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "தில்லியில் நாம் முதலில் குடியிருந்த அறையைவிட இது பெரிது" என்றார். அது உண்மையே.

மார்கழிப் பனி. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. ஓட்டுநர் கட்வால் மலைநாட்டவர், பொறுமைசாலி. சிங்கு எல்லையைக் கடக்கும்போது அவரே வண்டியின் வேகத்தைக் குறைத்துச் சாலையோரத்தைச் சுட்டினார். 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து உழவர்கள் முகாமிட்ட இடம் அது. டிராக்டர்களின் பின்னே பூட்டிய டிராலிகளில் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டி, இரண்டு குளிர்காலங்களை அவர்கள் இந்தச் சாலையிலேயே எதிர்கொண்டனர். வாடகை கொடுத்து நாங்கள் பெற்ற வசதியைப் பற்றி அதன்பின் வண்டிக்குள் யாரும் பெருமை பேசவில்லை.

முர்த்தலில் ஊரார் புகழும் பராத்தாவை வெண்ணெயுடன் உண்டோம். (அன்னையார் கட்டிவந்த இட்டலி அப்படியே மிஞ்சியது, அதற்காக அவர் எங்களை மன்னித்ததாகத் தெரியவில்லை.) பானிப்பட்டில் நிகழ்ந்த மூன்று போர்களைப் பற்றி எழுதியோர் பலர், நான் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் கர்னாலைத் தாண்டியபின் கண்டதை எழுதாமல் விட மனமில்லை. சாலையோரத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி ஒன்றும், குழாய்கள் ஏற்றிய துணை லாரி ஒன்றும் நின்றன. எண்பலகையில் டிஎன் 34, திருச்செங்கோடு! நிறுத்தச் சொல்லி இறங்கினோம். லாரியின் நிழலில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இமாசலத்தில் பாறை துளைக்கச் செல்கிறார்களாம். பத்துப் பேரில் தமிழர் மூவரே. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த இளைஞனிடம், "நீ எந்த ஊர், கண்ணு?" என்று அன்னையார் கேட்டார். "சத்தீஸ்கருங்கம்மா" என்றான், கொங்கு நாட்டுக் குழைவு சற்றும் குறையாமல். லாரியில் வாழ்ந்தே அவன் தமிழ் கற்றிருக்கிறான். மிஞ்சிய இட்டலி அவனுக்குப் போயிற்று.

அந்தச் சாலையின் எண் 44. 2010 வரை பல எண்களில் பிரிந்து கிடந்த நெடுஞ்சாலைகளை இணைத்து, சிறீநகர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஒன்றாக்கியுள்ளனர். சேலம், நாமக்கல், மதுரை யாவும் அதன்மேல்தான். அம்பாலாவில் அதைவிட்டு விலகிச் சண்டிகர் சேரும்போது பிற்பகல் 1 மணி.

இனித்தான் சிக்கல். அன்னையாரால் படியேற முடியாது. நண்பரால் இறங்க முடியாது. இளைஞர் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கி, வண்டிக்குள் அன்னையாரின் எதிரே அமர்த்தினர். அன்னையார் நலம் விசாரிக்கவில்லை, அழவும் இல்லை. மடிப்பு மேசையை விரித்துப் பல்லாங்குழிப் பலகையை வைத்தார். "ஆடு, தம்பி" என்றார்.

நண்பர் இடக்கையால் சோழிகளை இட்டார். அரைமணி நேரம் பேச்சே இல்லை. குழியில் நான்கு சோழி சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நண்பரின் குழியில் நான்கு சேர்ந்ததை அன்னையார் கண்டும் காணாதவர்போல மேலே ஆட முற்பட்டார். நண்பர் பலகையைத் தட்டினார். "பசு!" என்றார். பிறகு, "அம்மா... என் பசு." வாயிலருகே நின்ற மகள் தன் தாயின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

அன்று செய்யவேண்டிய மற்றொரு பணியும் இருந்தது. 'பேசவும் எழுதவும் இயலாதவர் தாமே விலகிவிடுவது நலம்' என்று அலுவலகத்தில் யாரோ மனைவியாரிடம் கூறியிருந்தனர். நான் சட்டத்தின் படியைக் கையோடு கொண்டு சென்றிருந்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016; 20ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. பணிக்காலத்தில் இயலாமை எய்திய ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் அமையாவிடில், தக்க பணி கிடைக்கும் வரையோ ஓய்வு பெறும் வரையோ மிகைப் பணியிடம் ஒன்றில் வைத்திருக்கவேண்டும். மூளைப் பாதிப்பால் நேரும் நிரந்தரப் பேச்சிழப்பும் அச்சட்டத்தின் அட்டவணையில் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும். இருபதாண்டுகளாக ஊரார் விண்ணப்பங்களுக்குக் குறிப்பெழுதிய கை, அன்று நண்பருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிற்று. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் தலையசைத்த பிறகே அடுத்த வரிக்குச் சென்றேன்.

இடக்கையால், தமிழில், நெடுநேரம் எடுத்துக்கொண்டு அவர் கையொப்பமிட்டார். இருவர் சாட்சியிட்டோம்.

ஐந்து மணிக்கு மீண்டும் பனி இறங்கியது. நாற்காலியைத் தூக்க வந்த இளைஞர்களைக் கையமர்த்திவிட்டு, எஞ்சிய சோழிகளை நண்பரே ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். போட்டபடியே எண்ணினார், பதினொன்றில் தடுமாறி, மீண்டும் தொடங்கினார். ஓட்டுநர் அவசரப்படுத்தவில்லை.

மறுநாளே மனைவியார் விண்ணப்பத்தை அலுவலகத்தில் சேர்த்து ஒப்புகை பெற்றுவிட்டார். இதை எழுதும் நாள்வரை விடை வரவில்லை. இரவு 8 மணிக்கு நான்கு குடும்பங்களும் முறைவைத்துத் தொலைபேசியில் அவரோடு பேசிவருகிறோம். செவ்வாய்க்கிழமை அன்னையாரின் முறை.